அந்த 29 பேர்

1743ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், இங்கிலாந்தின் வடபகுதியிலுள்ள நியூகாஸில் நகரத்து மெதடிஸ்தச் சங்கத்தாரை ஆராய்ந்து விசாரித்த, அவர்களுடைய தலைவரான ஜான் வெஸ்லி, அந்த விசாரணையின் முடிவில் 64 பேரைச் சங்கத்திலிருந்து நீக்கியதாகவும், இன்னின்ன குற்றத்துக்காக இத்தனை பேர் நீங்கினார்கள் என்றும் தம்முடைய தினசரியில் வகை பிரித்து எழுதி வைத்திருக்கிறார். சபித்ததற்காகவும் ஆணையிட்டதற்காகவும் இருவர், ஓய்வுநாளை வழக்கமாக மீறியதற்காக இருவர், குடிவெறிக்காக 17 பேர், சாராயம் விற்றதற்காக இருவர், சண்டை சச்சரவுக்காக மூவர், மனைவியை அடித்ததற்காக ஒருவர், தெரிந்தே பொய் பேசி வந்ததற்காக மூவர், பிறரைத் தூற்றியதற்காக நால்வர், சோம்பலுக்காக ஒருவர். இவ்வளவையும் கூட்டினால் 35 பேர்தான் வருகிறார்கள். எஞ்சிய 29 பேரும், அதாவது அந்தப் பட்டியலிலேயே மிகப் பெரிய கூட்டமாக நிற்பவர்கள், விளையாட்டுத்தனத்துக்காகவும் அசிரத்தைக்காகவும் நீக்கப்பட்டவர்கள்.

இந்தப் பட்டியலை நான் வாசிக்கும்போதெல்லாம், குடியரைப் பற்றிய வரியும் மனைவியை அடித்தவனைப் பற்றிய வரியும் என்னை அதிக நேரம் நிறுத்துவதில்லை. அந்தக் கடைசி வரியில்தான் கண் நின்றுவிடுகிறது. குடிக்குச் சாட்சி உண்டு: வீட்டிலுள்ளவர்கள் அறிவார்கள், தெருவிலுள்ளவர்கள் அறிவார்கள், மறுநாள் காலையில் குடித்தவனே அறிவான். பொய்க்கும் சாட்சி உண்டு. ஆனால் பாவமென்று விரல் நீட்டிக் காட்டத்தக்க ஒன்றையும் செய்யாமல், ஆராதனைக்குத் தவறாமல் வந்து, பாட வேண்டிய இடத்தில் பாடி, எழுந்து நிற்க வேண்டிய இடத்தில் எழுந்து நின்று, காணிக்கையும் செலுத்திவிட்டு, உள்ளத்தில் மாத்திரம் பல வருஷங்களாக ஓர் அங்குலமும் நகராமல் இருக்கிற ஒருவனுக்கு எதிராக யார் சாட்சி சொல்ல முடியும்? அவனுடைய பெயர் ஞானஸ்நானப் பதிவேட்டில் இருக்கிறது, திடப்படுத்தல் பெற்றாயிற்று, அறுப்பின் பண்டிகை ஏலத்தில் வாழைத்தாரை நல்ல விலைக்கு எடுத்திருக்கிறான், கிறிஸ்துமஸ் கீதபவனி அவன் வீட்டு வாசலில் நின்று பாடிவிட்டுப் போயிருக்கிறது, புத்தாண்டு இரவில் எடுத்த வாக்குத்தத்த அட்டை பீரோக் கண்ணாடியில் செருகப்பட்டிருக்கிறது. நம்முடைய பழைய வேத மொழிபெயர்ப்பு நிர்விசாரம் என்று வழங்குகிற நிலை இதுவே. அந்த 29 பேரும் அன்றைய நியூகாஸிலில் மாத்திரம் இருந்தவர்கள் என்று நான் நினைக்கவில்லை. நம்முடைய சேகரங்களில் எந்த ஞாயிற்றுக்கிழமையிலும் பாதி இருக்கைகளை நிரப்புகிறவர்கள் அவர்கள்தாம் என்பது என் எண்ணம்.

மேலே செல்வதற்கு முன்னால் ஓர் எச்சரிக்கையைச் சொல்லிவிட வேண்டும், ஏனெனில் இதைப் பிரசங்க பீடத்திலிருந்து சொல்லாமல் விடுவதனால் எளிய ஆத்துமாக்கள் புண்பட்டதை நான் கண்டிருக்கிறேன். சோர்வு வேறு, நிர்விசாரம் வேறு. நான்காம் நூற்றாண்டில் கான்ஸ்டாண்டிநோபிளில் பெரிய பதவியிலிருந்து, பின்பு எகிப்தின் வனாந்தரத்தில் ஒரு சிற்றறையில் வாழ்ந்து 399ஆம் ஆண்டில் மரித்த எவாக்ரியுஸ் என்னும் துறவி, நடுப்பகலில் ஒரு சந்நியாசியைப் பிடிக்கிற சோர்வை வெகு நுட்பமாக எழுதியிருக்கிறார்: காலை பத்து மணியிலிருந்து பிற்பகல் இரண்டு மணி வரையில் சூரியன் அசையாமல் நிற்பது போலத் தோன்றுவதும், சாப்பாட்டு வேளைக்கு இன்னும் எவ்வளவு இருக்கிறதென்று அவன் எட்டிப் பார்ப்பதும், சகோதரர் யாராவது வரமாட்டார்களா என்று ஏங்குவதும், தான் இருக்கிற இடத்தையே வெறுப்பதும் அதில் வருகின்றன. அந்தச் சந்நியாசி வேதனைப்படுகிறான். வேதனைப்படுகிறவன் உயிரோடு இருக்கிறான். அவ்வாறே, 1773ஆம் ஆண்டுக்குப் பிற்பாடு தேவனால் தான் தள்ளப்பட்டேன் என்று நம்பி, ஆலயத்துக்குள் அடியெடுத்து வைக்கவும் அஞ்சிய கவிஞர் வில்லியம் கூப்பர், எவருடைய பாமாலையைத் தமிழாக்கி நாம் இன்றும் பாடிக்கொண்டிருக்கிறோமோ அவர், மனநோயால் நொந்தவரேயன்றி நிர்விசாரி ஆகார். ஜெபிக்க முடியவில்லையே என்று அழுகிறவர்களிடத்தில் நான் எழுதப்போகிற ஒரு வார்த்தையும் சேரவேண்டாம். அவர்களுக்குத் தேவையானது ஆறுதலும், சில வேளைகளில் நல்ல வைத்தியமும். நான் பேசுவது அழுகை நின்று போனவர்களைக் குறித்து.

நிர்விசாரம் எங்கிருந்து வருகிறது என்று ஆராய்ந்தால், அது பெரும்பாலும் தீமையிலிருந்து வராமல் நன்மையிலிருந்தே வருகிறது என்பது தெரியவரும். இதற்கு லவோதிக்கேயாவைக் காட்டிலும் தெளிவான உதாரணம் இல்லை. இன்றைய துருக்கி நாட்டின் டெனிஸ்லி நகரத்துக்கு அருகே பாழடைந்து கிடக்கிற அந்தப் பட்டணம், அதன் காலத்தில் கருங்கம்பளி வாணிபத்தாலும் பணப்பரிமாற்றத்தாலும் செழித்திருந்தது. கி.பி. 60ஆம் ஆண்டில் பூமியதிர்ச்சியால் அது இடிந்து விழுந்தபோது, ரோம அரசின் உதவியைப் பெறாமல் தன் சொந்தச் செல்வத்தைக் கொண்டே மீண்டும் எழுந்தது என்று டாசிட்டஸ் என்னும் ரோம சரித்திராசிரியர் பதிவு செய்திருக்கிறார். இது பழிக்கத்தக்க செய்கையா? பிறருக்குப் பாரமாகாமல் தன் வீட்டைத் தானே கட்டிக்கொள்வது மெச்சத்தக்க குணமே. ஆனால் அந்தக் குணம் ஆலயத்துக்குள்ளும் வந்து உட்கார்ந்துகொண்டது. ஏறக்குறைய அந்தப் பூமியதிர்ச்சியின் காலத்தில்தான், எப்பாப்பிரா என்னும் ஊழியக்காரர் அந்தச் சபைக்காகப் போராடி ஜெபிக்கிறதைப் பற்றிப் பவுல் கொலோசெயருக்கு எழுதினார்; மரபாகக் கொள்ளப்படும் காலக் கணக்கின்படி, அதற்குச் சுமார் 35 வருஷங்களுக்குள் அதே சபை, தனக்கு ஒரு குறைவுமில்லை என்று சொல்லிக்கொண்டு வெதுவெதுப்பாகிவிட்டதென்று வெளிப்படுத்தல் புஸ்தகத்தில் கடிந்துகொள்ளப்பட்டது. சுற்றுப்புறம் எல்லாம் அறிந்த வெந்நீர் ஊற்றுகள் எதிரே எராப்போலியில் இருந்தன. குளிர்ந்த நீரோ கொலோசெயின் பக்கத்தில். இரண்டும் ஒவ்வொரு விதத்தில் பயன்பட்டன; வெதுவெதுப்பானதோ எதற்கும் உதவாது. போராடி ஜெபித்த நிலையிலிருந்து வெதுவெதுப்புக்கு வர ஒரே தலைமுறை! ஜெபத்தில் ஒருவர் போராடிப் பெற்றதை, அடுத்த தலைமுறை சொத்துப் பத்திரத்தைப் போல வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொண்டது.

இனி நான் மிகவும் நேசிக்கிற ஒரு சரித்திரத்துக்கு வருகிறேன். அது தமிழ்நாட்டின் கடற்கரையிலே தொடங்குகிறது என்பது நம்மில் பலர் அறியாத செய்தி.

1706ஆம் ஆண்டு ஜூலை மாதம் 9ஆம் தேதி, டென்மார்க்கு மன்னர் நான்காம் பிரெடெரிக்கினால் அனுப்பப்பட்ட பர்த்தலோமேயு சீகன்பால்குவும் ஹென்ரிக் புளூட்சோவும் தரங்கம்பாடியில் வந்திறங்கினார்கள். சீகன்பால்குவுக்கு அப்போது வயது ஏறக்குறைய 24. திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் தமிழெழுத்துக்களை எழுதிப் பழகியதும், 1708ஆம் ஆண்டின் இறுதியில் டேனிஷ் கோட்டைத் தளபதியினால் சிறைவைக்கப்பட்டதும், பின்பு புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கி அச்சேற்றியதும் நம்மவர் அறிந்தவையே. அவ்விருவரும் ஐரோப்பாவுக்கு எழுதிய கடிதங்கள் ஆங்கிலத்தில் பெயர்க்கப்பட்டு 1709ஆம் ஆண்டில் லண்டனில் புஸ்தகமாக வெளிவந்தன. அந்தப் புஸ்தகத்தின் ஒரு பிரதி, இங்கிலாந்தில் லிங்கன்ஷயரின் சதுப்பு நிலங்களுக்கு நடுவிலிருந்த எப்வொர்த்து என்னும் சிற்றூரின் குருமனையில், சாமுவேல் வெஸ்லி ஐயருடைய படிப்பறையில் கிடந்தது.

அந்த ஐயரின் மனைவி சுசன்னா அம்மையார் 19 பிள்ளைகளைப் பெற்று, அவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேரைச் சிறு வயதிலேயே அடக்கம்பண்ணினவர்; 1709ஆம் ஆண்டில் வீடு தீப்பற்றி எரிந்தபோது சகலத்தையும் இழந்தவர்; பிள்ளைகளுக்குத் தாமே பாடம் சொல்லிக் கொடுத்து, தினமும் தியானத்துக்கென்று நேரம் ஒதுக்கி, ஒழுங்கு தவறாமல் குடும்பத்தை நடத்தினவர். இப்படிப்பட்ட ஒருவரைப் பார்த்து, உமக்கு இன்னும் சிரத்தை வேண்டும் என்று சொல்ல எந்தப் போதகருக்குத்தான் நா எழும்? 1711ஆம் ஆண்டு முடிந்து 1712 பிறந்த குளிர்காலத்தில், கணவர் திருச்சபை மன்றத்துக்காக லண்டனுக்குப் போயிருந்த சமயத்தில், மகள் எமிலியா படிப்பறையில் அந்தத் தரங்கம்பாடிப் புஸ்தகத்தைக் கண்டெடுத்தாள்; தாயார் அதை வாசித்துக் காட்டச் சொன்னார். அதைக் கேட்ட மாலையில் தம் உள்ளம் அசைந்தது போல வேறெதனாலும் அசைந்ததில்லை என்றும், பல நாட்கள் வரையில் அதைத் தவிர வேறொன்றை நினைக்கவோ பேசவோ தம்மால் இயலவில்லை என்றும் அவர் தம் கணவருக்கு எழுதினார். தாம் ஆண்மகனும் அல்ல, குருவும் அல்ல. எனினும் இப்போது செய்கிறதைவிட இன்னும் சற்று அதிகமாகச் செய்யலாமே என்பது அவருக்குப் பிறந்த எண்ணம்.

அவர் செய்தது என்ன? தரங்கம்பாடிக்குக் கப்பலேற அவரால் ஆகாது. தம்முடைய பிள்ளைகளிடத்திலிருந்தே தொடங்கினார். ஒவ்வொரு மாலையும் ஒரு பிள்ளையைத் தனியே அழைத்து, அதன் ஆத்துமாவின் நிலைமையைப் பற்றிச் சம்பாஷிப்பது என்று கிழமை வகுத்தார்: திங்கள் மாலிக்கு, செவ்வாய் ஹெட்டிக்கு, புதன் நான்சிக்கு, வியாழன் ஜாக்கிக்கு, வெள்ளி பாட்டிக்கு, சனி சார்லஸுக்கு, ஞாயிறு எமிலியாவுக்கும் சூக்கிக்கும். அந்த ஜாக்கிதான் எட்டு வயது ஜான் வெஸ்லி. இத்தனை பேர் ஓடியாடுகிற வீட்டில் ஒரு பிள்ளைக்கு வாரத்தில் ஒரு மாலை தாயார் முழுவதும் தனக்கே கிடைத்தார் என்பது எத்தகைய பாக்கியம்! இருபது ஆண்டுகள் கழித்து, 1732ஆம் ஆண்டில், ஆக்ஸ்போர்டின் லிங்கன் கல்லூரியில் ஆசிரியராயிருந்த அதே ஜான், பழைய வியாழக்கிழமை மாலையில் ஒரு சிறு பகுதியை எனக்காக மீண்டும் ஒதுக்குவீர்களானால் அது என் இருதயத்தைத் திருத்த உதவும் என்ற கருத்தில் தம் தாயாருக்குக் கடிதம் எழுதினார். கிரேக்கமும் எபிரெயமும் கற்ற மனிதருக்கு வேண்டியிருந்தது ஒரு புதிய உபதேசம் அன்று. தன்னை அறிந்த ஒருவர் உட்கார்ந்து, தன்னைப் பெயர் சொல்லிக் கேட்பதே.

ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் அம்மையார் குடும்பத்துக்காக நடத்திய ஜெபத்தில் வேலைக்காரர் சிலரும் உட்கார்ந்தார்கள், வேலைக்காரச் சிறுவன் தன் பெற்றோரிடத்தில் சொல்ல அவர்களும் வந்தார்கள், அக்கம்பக்கத்தார் வந்தார்கள், கடைசியில் 200 பேருக்கு மேல் கூடி, நிற்கவும் இடமின்றித் திரும்பிப் போனவர்களும் உண்டு. இதைக் கண்டு பொறாத உதவிக்குரு, பெண்ணொருத்தி கூட்டம் நடத்துகிறாளென்று லண்டனுக்குக் கடிதம் எழுதினார். ஐயரும் கலங்கித் தம் மனைவிக்கு எழுதினார். அம்மையார் அனுப்பிய பதிலில் ஒரு கணக்கும் இருந்தது: முன்பு மாலை ஆராதனைக்கு 20, 25 பேருக்கு மேல் வருவதில்லை, இப்போது 200க்கும் 300க்கும் இடைப்பட்டவர்கள் வருகிறார்கள் என்பதே அது. நிறுத்தத்தான் வேண்டுமென்றால் ஆலோசனையாக எழுதாமல் தெளிவான கட்டளையாகவே எழுதியனுப்பும். கடைசி நியாயத்தீர்ப்பில் நான் பொறுப்பினின்று நீங்க அது வேண்டும் என்ற பொருளில் அவர் எழுதிய பின்பு, ஐயரிடமிருந்து அந்தக் கட்டளை வரவில்லை.

இந்தச் சம்பவத்திலிருந்து நான் அறிந்துகொண்ட ஒன்று உண்டு: நிர்விசாரம் தானாகக் கலைவதில்லை, அதைக் குறித்த கண்டனப் பிரசங்கத்தாலும் அநேகமாகக் கலைவதில்லை, ஏனெனில் நிர்விசாரி அத்தகைய பிரசங்கத்தைப் பக்கத்து இருக்கைக்காரருக்கு உரியதென்று மனமார நம்பி ரசிக்கிறான். அது கலைவது, நம்மைப் போன்ற மாம்சமும் இரத்தமும் உள்ள ஒருவர், நாம் செய்யாத ஒன்றைச் செய்துகொண்டிருக்கிறார் என்று நிச்சயமாய்த் தெரியவருகிறபோது. தரங்கம்பாடியில் உழைத்துக்கொண்டிருந்த இளைஞன் எப்வொர்த்துத் தாயாருக்கு அத்தகையவனாக இருந்தான்.

நம் மண்ணிலும் இது நடந்திருக்கிறது. 1902ஆம் ஆண்டில், வெள்ளாளன்விளையில் பிறந்து கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தின் செயலாளராக ஊரூராய்ச் சென்றுகொண்டிருந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா யாழ்ப்பாணத்துக்குப் போனபோது, அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் சொந்தப் பணத்தைக் கொண்டு தமிழ்நாட்டுக் கரைக்கு ஊழியக்காரரை அனுப்பியிருப்பதைக் கண்டார். திருநெல்வேலிச் சபையோ அவர்களைவிடப் பன்மடங்கு பெரியது. பள்ளிகள் இருந்தன, உயர்ந்த கோபுரமுள்ள ஆலயங்கள் இருந்தன, மூன்று தலைமுறைக் கிறிஸ்தவர்கள் இருந்தார்கள். எனினும் தன் எல்லைக்கு அப்பால் தன் பொறுப்பில் ஒருவரையும் அனுப்பியிருக்கவில்லை. அந்த வெட்கத்தை அவர் பாளையங்கோட்டைக்குக் கொண்டுவந்தார். 1903ஆம் ஆண்டு பிப்ரவரி 12ஆம் தேதி திருநெல்வேலி இந்திய மிஷனெரிச் சங்கம் பிறந்தது. தெலுங்கு நாட்டின் தோர்னக்கல் பகுதிக்கு ஊழியர் சென்றார்கள். 1912 டிசம்பரில் அசரியாவே ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயராக, அந்தப் பகுதிக்கென்று அபிஷேகம் பெற்றார். சின்னஞ்சிறு யாழ்ப்பாணச் சபை ஒரு கண்டனமும் சொல்லவில்லை. தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது, அவ்வளவே.

ஆனால் விழித்துக்கொள்வது ஒன்று, விழித்தபடியே இருப்பது வேறொன்று. கன்வென்ஷன் கூட்டத்தின் மூன்றாம் இரவில் முழங்காலில் நின்று அழுத கண்ணீர் நான்காம் வாரத்தில் எங்கே போயிற்று என்று கேட்டால் பதில் சொல்லத் தெரியாதவர்கள் நம்மில் ஏராளம். எழுப்புதலை வேண்டிக் கூட்டங்கள் நடத்துகிறோம்; எழுந்தவரை மறுவாரம் சென்று காண்பதற்கு ஒரு ஏற்பாடும் செய்வதில்லை. இது நம்முடைய சபைகளின் பெருங்குறை என்று நான் துணிந்து சொல்வேன்.

வெஸ்லிக்கு இந்த ஏற்பாடு கிடைத்த விதம் வியப்புக்குரியது. 1742ஆம் ஆண்டு பிப்ரவரி 15ஆம் தேதி, பிரிஸ்டல் நகரத்தில் கட்டிய ஜெபவீட்டின் கடனை எப்படி அடைப்பது என்று பேசச் சங்கத்தார் கூடியிருந்தார்கள். கப்பல் தலைவர் ஃபாய் என்பவர், கடன் தீரும் மட்டும் ஒவ்வொருவரும் வாரம் ஒரு பென்னி கொடுக்கட்டும் என்றார். அநேகர் ஏழைகளாயிற்றே, அவர்களால் ஆகாதே என்று மற்றொருவர் சொன்னபோது, அவர்களுள் மிகவும் ஏழைகளான 11 பேரை என் பொறுப்பில் விடுங்கள், நானே வாரந்தோறும் அவர்களிடத்தில் போகிறேன், அவர்களால் இயலாததை நான் போட்டுவிடுகிறேன் என்று அவர் பதிலளித்தார். அவ்வாறே வேறு சிலரும் பதினொருவரை ஏற்றுக்கொண்டார்கள். பென்னி வாங்கப் போனவர்கள் வீடுகளுக்குள்ளே போகவேண்டியிருந்தது. போனவர்கள் ஒரு வீட்டில் கணவனும் மனைவியும் சண்டையிடுவதைக் கண்டார்கள், ஒரு வீட்டில் ஒருவன் குடித்துக் கிடப்பதைக் கண்டார்கள். இதை அவர்கள் வந்து சொல்லக் கேட்டவுடனே, நாம் இத்தனை நாளும் தேடிக்கொண்டிருந்தது இதுவே என்று வெஸ்லி உணர்ந்தார். கடனுக்காக வகுத்த பன்னிருவர் வகுப்பு ஆத்தும விசாரணைக்குரிய வகுப்பாக மாறிற்று. வாரம் ஒருமுறை பன்னிருவர் கூடுவார்கள். தலைவர் முதலில் தம் நிலையைச் சொல்லி, பின்பு ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கேட்பார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை சங்கச் சீட்டு புதுப்பிக்கப்பட்டது. நியூகாஸிலின் 64 பேர் நீங்கினதும் அத்தகைய விசாரணையின்போதுதான்.

நீக்கப்பட்டவர்களுக்காக நம் மனம் இரங்குவது இயல்பே; எனக்கும் அந்தக் கடுமை முழுவதும் உடன்பாடன்று. ஆயினும் ஒன்றைக் கவனியுங்கள்: அசிரத்தை என்று ஒரு மனிதனைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால், அவனுடைய உள்ளத்தை அறிந்த ஒருவர் இருந்திருக்க வேண்டும். நம்முடைய சேகரங்களில் இன்று அந்தக் காரணத்துக்காக ஒருவரையும் நீக்க முடியாது. அது நம்முடைய அன்பின் மிகுதியால் அன்று. நம்மில் ஒருவருக்கும் மற்றவருடைய ஆத்துமாவைப் பற்றி ஒன்றும் தெரியாததால்.

பணத்தைப் பற்றியும் சொல்லாமல் விடலாகாது, ஏனென்றால் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்களின் நிர்விசாரம் பெரும்பாலும் சம்பள உயர்வின் வழியாகவே வந்திருக்கிறது. ஆலய மணியடித்த தாத்தாவும், மிஷன் பள்ளியில் வாத்தியாராயிருந்த தகப்பனாரும், வெளிநாட்டில் பொறியாளராயிருக்கிற பேரனும் என்று மூன்று படிகளில் ஏறிய குடும்பங்களை நாம் அறிவோம். பாட்டி உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைக் காணிக்கைக் கலயத்தில் போட்டாள், அவள் பசித்தும் போட்டாள். பேரன் அனுப்புகிற தொகை ஆயிரம் மடங்கு பெரியது, ஆனால் அதனால் அவன் ஒரு வேளை பட்டினியும் கிடப்பதில்லை. 1786ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், 83 வயது முதியவராக வெஸ்லி எழுதிய சிறு கட்டுரை ஒன்றில் இந்தக் கவலையே நிறைந்திருக்கிறது: பக்தி உழைப்பையும் சிக்கனத்தையும் பிறப்பிக்கும், அவை செல்வத்தைப் பிறப்பிக்கும், செல்வம் வந்தபின் பக்தி தேயும்; மெதடிஸ்தர் என்ற பெயர் அழியும் என்று தாம் அஞ்சவில்லை, பெயர் நிலைத்து ஜீவன் போய்விடுமோ என்றே அஞ்சுவதாக அவர் எழுதினார். அவர் காட்டிய மருந்தை அவரே உட்கொண்டிருந்தார். ஆக்ஸ்போர்டில் ஆண்டுக்கு 30 பவுன் வருமானமிருந்தபோது 28 பவுனில் ஜீவித்து 2 பவுனைத் தானம் செய்தார். வருமானம் 60 ஆனபோதும் 28லேயே ஜீவித்து 32 பவுனைக் கொடுத்தார். 90 ஆனபோது 62 பவுன் ஏழைகளிடம் போயிற்று. வருமானம் ஏறும்போது தேவைகள் ஏறாமல் தடுத்துக்கொள்கிற இந்தச் சாமர்த்தியத்தை, உபவாசத்துக்குச் சமமான சாதனையாக நான் மதிக்கிறேன். இரண்டாம் மாடி கட்டத் தொடங்குமுன் ஒரு குடும்பம் இதைக் குறித்து ஒரு மாலை உட்கார்ந்து பேசினால், எந்தக் கூட்டத்திலும் கிட்டாத அசைவு அந்த வீட்டில் உண்டாகலாம்.

வகுப்பு ஏற்பாடும் என்றைக்கும் பிழைத்திருக்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அது மெதுவாகத் தளர்ந்து போயிற்று. கேட்பவர் கேட்கிற கேள்வியும் சொல்பவர் சொல்கிற விடையும் வாரத்துக்கு வாரம் ஒன்றாகவே வந்தபோது, அந்த ஏற்பாடே நிர்விசாரத்தின் இன்னொரு பாயாகிவிட்டது. ஆதலால் இதைப் படித்துவிட்டு யாராவது நாளைக்கே தம் சபையில் வகுப்புக் குழுக்களும் பதிவேடுகளும் ஏற்படுத்த முனைவார்களானால், கொஞ்சம் பொறுக்கும்படி கேட்டுக்கொள்வேன். பெரிய ஏற்பாட்டுக்கு முன்னால் இருவரோ மூவரோ போதும். கணவனும் மனைவியும் இதைச் செய்வது எளிதென்று தோன்றும். உண்மையில் அது மிகக் கடினம், ஏனெனில் வீட்டுக் கவலைகள் அந்த நேரத்தை விழுங்கிவிடும். தன்னைவிட மூத்த ஒருவரும், தன்னைப் பார்த்து அஞ்சாத ஒருவரும் அமைவது உத்தமம்.

வயதைக் குறித்து ஒன்று. சுசன்னா அம்மையார் தம் கடைசி ஆண்டுகளை லண்டனில் மகன் ஜானோடு கழித்து, 1742ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் மரித்தார். அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்னால், 1739இல், அவருக்கு 70 வயதாயிருந்தபோது, மருமகன் ஹால் திருவிருந்தில் பாத்திரத்தைக் கொடுத்து வழக்கமான வார்த்தைகளைச் சொன்ன வேளையில், அந்த வார்த்தைகள் இருதயத்தை ஊடுருவிச் சென்றதாகவும், தம்முடைய பாவங்கள் மன்னிக்கப்பட்டன என்ற நிச்சயத்தை அப்போது பெற்றதாகவும் அவர் தம் மகனிடத்தில் சொன்னார். தம் வாழ்நாளில் எத்தனையோ முறை கேட்ட வார்த்தைகள் அவை. இத்தனை பிள்ளைகளுக்கு விசுவாசத்தைக் கற்பித்த தாயார், அதை எழுபதாம் வயதில் புதிதாகப் பெற்றேன் என்று சொல்லக் கூசவில்லை. நம் சபைகளில் எழுபது வயதான மூப்பர்களை ஆராதனை முடிந்தபின் ஆலயப் படிகளில் கண்டால், சர்க்கரை எப்படி இருக்கிறது, முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று கேட்கிறோம். அவர்களுடைய ஆத்துமாவைப் பற்றிக் கேட்பது மரியாதைக் குறைவென்று எண்ணிவிட்டோம். எல்லாம் முடிந்தவர்கள் என்பது போல நடத்துகிறோம்.

இருவரோ மூவரோ போதும் என்று மேலே சொன்னேன்; அவ்வாறே நானும் வேறு இருவரும் செவ்வாய்க்கிழமை இரவுகளில், ஓய்வு பெற்ற ஒரு தலைமையாசிரியர் வீட்டு முன்னறையில் கூடி வருகிறோம். அவரை நாங்கள் அண்ணாச்சி என்று அழைக்கிறோம். எங்களைவிட அவர் வெகு மூத்தவர், எங்களில் ஒருவன் அவரிடத்தில் கணக்குப் படித்தவன். பாட்டு இல்லை, பிரசங்கம் இல்லை; காப்பி உண்டு. சிறு ஜெபத்துக்குப் பின் அண்ணாச்சி கேட்கிற கேள்வி ஒன்றே: “தம்பி, இந்த வாரம் வேதத்த வாசிக்கையில எந்த இடம் உன்னச் சங்கடப்படுத்துச்சி?” ஆறுதலாயிருந்த வசனத்தைச் சொல்வது எவருக்கும் எளிது; அதைப் புரட்டிப் பார்க்காமலே சொல்லிவிடலாம். சங்கடப்படுத்திய இடத்தைச் சொல்ல வேண்டுமானால் வாசித்திருக்க வேண்டும், வாசித்ததைத் தன்மேல் ஏற்றிப் பார்த்திருக்க வேண்டும், அதற்குக் கீழ்ப்படியாத ஏதோ ஒன்று தன்னிடத்தில் இருப்பதைக் கண்டிருக்க வேண்டும். “ஒண்ணுமில்ல அண்ணாச்சி” என்று ஒருவர் சொல்வாரானால், அண்ணாச்சி கடிந்துகொள்வதில்லை. “சரி, வர்ற செவ்வாக்கெழம கேக்கேன்” என்று மட்டும் சொல்வார், கேட்கவும் செய்வார். அந்தக் கேள்வியும் பழகிவிட்டது என்று தோன்றியபோது அவரே அதை மாற்றினார். இப்பொழுது அவர் கேட்பது, யாரிடத்தில் நீ மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்து இன்னும் கேட்கவில்லை என்பது. அதற்கு விடை சொன்னவன், மறுவாரம் வருவதற்குள் அந்த வீட்டுக்குப் போய்வந்திருக்க வேண்டும் என்பது எங்களுக்குள் ஒப்பந்தம்.